மூச்சு அண்ணாச்சியின் ராணிகள்

திருவனந்தபுரத்திலேயே மனிதர் முகத்தைப் பார்த்துப் பேசாத ஒரே பிறவி, எங்கள் ஆய்வுக்கூடத்து மூச்சு அண்ணாச்சிதான். சாயா வேண்டுமென்றால் சுவரிடம் கேட்பார். கிழக்கேகோட்டை பஸ்ஸில் கண்டக்டர் கேட்பதற்கு ஜன்னலைப் பார்த்துப் பதில் சொல்வார்.

எல்லாம் பம்பிள் பீ செய்த வேலை. அந்தக் குண்டுத் தேனீக் கூட்டில் நம் மூச்சுக்காற்று பட்டால் மொத்தக் கூடும் கொதித்தெழும். சிவப்பு விளக்கடியில் பெட்டியைத் திறந்து, முகத்தைத் தோள்பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்தபடி புழுக்களுக்கு ஹார்மோன் சொட்டு வைப்பது அண்ணாச்சியின் வேலை. பதினாறு வருடம், தினக்கூலி. கழுத்து அப்படியே பழகிவிட்டது.

"டாக்டரே, இவ வேலைக்காரியா வளர வேண்டியவ. ஒரு சொட்டு வச்சா ராணி," என்பார் ஃப்ரிட்ஜைப் பார்த்து. "நேரத்துக்கு வைக்கணும், கேட்டோ. நாள் கடந்துட்டா, குடம் குடமா ஊத்தினாலும் வேலைக்காரிதான்."

நான் பட்டம் வாங்குவதற்கு முன்பே என்னை டாக்டராக்கியவர் அவர். என் ஆய்வேட்டில் இருக்கும் ராணிகள் அத்தனையும் அவர் கைச்சொட்டில் வளர்ந்தவை.

சொந்த மகள் கல்யாணத்தில் தலையைத் திருப்பிக்கொண்டு அட்சதை போட்டார். சம்பந்தி வீட்டார் முறைத்துக்கொண்டு பந்திக்கே வரவில்லை. மணப்பெண்ணே எழுந்துபோய் மாமனாரிடம் தேனீக் கதையைச் சொல்லி, இலை முன்னால் உட்கார வைத்தாள்.

வயது வரம்பு முடிகிற வருடம் நிரந்தர வேலைக்கு நேர்காணல் வந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதில். எல்லாவற்றையும் காலண்டரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள், புதிதாக வந்திருந்த துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். "அந்த ஆளுக்கு என்ன இவ்வளவு அகங்காரம்? எங்க மூஞ்சியப் பார்க்கப் பிடிக்கலையாமா?"

ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் என் ஆய்வேடு அவர் மேஜைமேல் கையெழுத்துக்குக் கிடந்தது, அவரோ கோபத்தில் இருந்தார்.

"தெரியல சார்," என்றேன்.

எனக்குக் கையெழுத்து கிடைத்தது. வேலை, புழுவையே பார்த்திராத ஒருவருக்குப் போனது.

அதோடு தினக்கூலியும் நின்றது; கடைசி நாள் பெட்டிகளை என்னிடம் ஒப்படைத்தார். இனி அவர் மூச்சுக்குக் கொதித்தெழ எந்தத் தேனீயும் இல்லை. முதன்முதலாக என்னை நேருக்கு நேர் பார்த்தார்.

"மூணாம் பெட்டிக்கு நாளைக்குச் சொட்டு வைக்கணும் டாக்டரே. பிந்திராதீங்க, கேட்டோ."

கருப்பட்டிக் காப்பி மணத்தோடு அந்த மூச்சு என் முகத்தில் பட்டது. அன்றைக்கும் சுவரைப் பார்த்தே பேசியிருக்கக் கூடாதா, அண்ணாச்சி? உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.