பட்டன் அக்காவும் மூன்று மணிச் சேலையும்

உலகத்தில் நடக்கிற அத்தனை சண்டைக்கும் காரணம் இரண்டாவது பட்டன்தான் என்று நம்பிய ஒரே மனுஷியோடு நான் மூன்று வருடம் ஒரே அறையில் குடியிருந்தேன். சிம்மக்கல்லில், மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது எங்கள் பெண்கள் விடுதி. நாற்பது பேர், நான்கு குளியலறை, ஒரு வார்டன். அங்கே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. பட்டன் அக்கா என்றால் கூரியர்காரருக்கே தெரியும்.

அக்காவுக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். செல்போன் ஆப் தயாரிக்கிற ஒரு சின்ன கம்பெனியில் வேலை. மற்ற நேரமெல்லாம் வீடியோ கேம் செய்துகொண்டிருப்பாள். அவளே புரோகிராம் எழுதி, அவளே படம் வரைந்து, "டொய்ங்" என்ற சத்தத்தைக்கூட எவர்சில்வர் டம்ளரைத் தட்டி அவளே பதிவு செய்வாள். அவள் விளையாட்டுகளுக்கு இரண்டே சட்டம். தனியாக ஆட முடியாது. ஆளுக்கு ஒரே ஒரு பட்டன்தான்.

"ஏங்க்கா, இன்னொரு பட்டன் வச்சா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வச்சா அது எதுக்குன்னு ஒருத்தி சொல்லிக் குடுக்கணும். தெரிஞ்சவ, தெரியாதவன்னு ரெண்டு கட்சியாயிரும். தெரிஞ்சவ தெரியாதவளைப் பாத்துச் சிரிப்பா. அங்கனதான் எல்லாம் ஆரம்பிக்கிது."

பட்டன் என்றால் கம்ப்யூட்டர் பட்டன் இல்லை. வீட்டு வாசலில் வைக்கிற காலிங் பெல் சுவிட்ச். தெருமுனை எலெக்ட்ரிக்கல் கடையில் இரண்டு டஜன் வாங்கினாள். கடைக்கார அண்ணன் குழம்பிப் போய்விட்டார்.

"எத்தனை வீட்டுக்கு வயரிங் பண்றீங்க தாயி?"

"ஒரே வீட்டுக்குத்தாண்ணே. உள்ள நாப்பது பேரு இருக்கோம்."

முதலில் வந்தது 'அண்டா'. நான்கு பேர் ஒரு சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போக வேண்டும். நான்கு பேரும் ஒன்றாக அமுக்கினால் ஒரு அடி நகரும். ஒருத்தி முந்தினாலும் சாம்பார் தளும்பிக் கொட்டும். குளியலறை வாளிக்காகச் சண்டை போட்டு ஆறு மாதமாகப் பேசாமல் இருந்த இரண்டு பேரை அக்கா வேண்டுமென்றே ஒரே பக்கத்தில் உட்கார வைத்தாள். மூன்று அண்டா கொட்டிய பிறகு ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு சொல்றேன், அமுக்கித் தொலை" என்றாள். ஆறு மாதத்தில் அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான். விளையாட்டைப் பறிமுதல் செய்ய வந்த வார்டன் அம்மாவும் உட்கார்ந்து ஒரு கை பார்த்தார். அன்றைக்கு ராத்திரி இட்லி எங்களுக்கு ஒன்பதரை மணிக்குத்தான் கிடைத்தது.

அடுத்தது 'சும்மா இரு'. ஹால் சுவரில் ஒற்றைப் பட்டன். பக்கத்தில் ஒரு திரையில் நேரம் ஓடும். யார் அமுக்கினாலும் நாற்பது பேரும் தோற்றோம். அவ்வளவுதான் விளையாட்டு. அந்தப் பட்டனைக் கடந்துபோகும்போது கை அரிக்கும் பாருங்கள், அதை எழுத்தில் சொல்ல முடியாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தோம். நான்கு நாள் தாக்குப்பிடித்தோம். ஐந்தாம் நாள் தண்ணீர்த் தொட்டி பார்க்க வந்த பிளம்பர், காலிங் பெல் என்று நினைத்து அதை நிதானமாக ஒரு அமுக்கு அமுக்கினார். நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் அலறியதில், அந்த மனிதர் கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டுப் போனவர்தான். இன்றுவரை வாங்க வரவில்லை.

ஒரு விடுமுறை நாள் சாயங்காலம் விடுதி டிவியை ஆட்டோவில் ஏற்றி வண்டியூர் தெப்பக்குளத்துக்கே கொண்டு போய்விட்டாள். பருத்திப்பால் விற்கிறவரின் இன்வெர்ட்டரில் கரண்ட். திரையில் ஒரு தெப்பம். பன்னிரண்டு பேர் சேர்ந்து அமுக்கினால் அது குளத்தைச் சுற்றும். கூட்டம் கூடியதும் ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"பெர்மிஷன் இருக்கா?"

"ஒரு ஆள் குறையுது சார்" என்று அக்கா அவர் கையில் பட்டனைக் கொடுத்தாள்.

கால் மணி நேரம் அவர் தெப்பம் இழுத்தார். இடுப்பிலிருந்த வயர்லெஸ் கத்தியபோதெல்லாம், "வாரேன் சார், வந்துக்கிட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி அமுக்கினார்.

இதையெல்லாம் அவள் இணையத்தில் சும்மாவே போட்டு வைத்திருந்தாள். எங்கேயோ தூர தேசத்திலிருந்து ஒருவர், 'எனக்கு நண்பர்கள் இல்லை, அண்டாவைத் தனியாகத் தூக்க வழி உண்டா?' என்று கேட்டு எழுதியிருந்தார். அக்கா ஒரே வரியில் பதில் போட்டாள். 'முதலில் மூன்று பேரைத் தேடுங்கள்.'

"பாவம்க்கா, அந்தாளுக்கு யாருமே இல்ல போல" என்றேன்.

"எனக்கு மட்டும் யாரு இருக்கா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அன்றைக்குத்தான் அவள் வீட்டுக் கதை எனக்குத் தெரிந்தது.

அவள் ஊர் கீழக்குயில்குடி. விடுதியிலிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அவள் அங்கே போய்ப் பன்னிரண்டு வருடமாகியிருந்தது. அப்பா தன் அக்காவுக்குக் கொடுத்த வாக்குக்காக, அந்த அக்கா மகனுக்கே இவளைக் கட்டிக் கொடுத்தார். எட்டு மாதம் இருந்து பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். திரும்பிப் போகமாட்டேன் என்றாள். அப்பா, இனிமேல் வாசப்படி மிதிக்காதே என்றார். அம்மா மகளிடம் பேசவே மாட்டேன் என்று ஊர் அய்யனார் மேல் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. அம்மாவுக்கு அப்பாவைவிட அய்யனாரிடம் பயம் அதிகம். போன் செய்தால் எடுப்பாள், மூச்சுச் சத்தம் கேட்கும், வைத்துவிடுவாள்.

அப்போது அக்கா ஒரு புது விளையாட்டு செய்துகொண்டிருந்தாள். 'சேலை மடிப்பு'. இரண்டே பேர். ஆளுக்கு ஒரு செல்போன். திரையில் ஒரு சேலை, இந்த முனையை இவள் பிடித்திருப்பாள், அந்த முனையை அவள். இரண்டு பேரும் ஒன்றாகத் தொட்டால் உதறி ஒரு மடிப்பு விழும், ஒரு எட்டு கிட்டே வருவார்கள். முந்திவிட்டால் சேலை தரையில் விழும். விடாமல் அமுக்கியே வைத்திருந்தால் நிறம் மாறும். ஏழு மடிப்பில் இரண்டு பேரும் எதிரெதிரே நிற்பார்கள். அவ்வளவுதான். ஜெயிப்பதும் கிடையாது, தோற்பதும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவின் பழைய செல்போனில் அதைப் போட்டு எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். தாமரைக்குளத்துக்குப் பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார் அக்காவின் அம்மா பஞ்சவர்ணம். நான் யாரென்று சொன்னதும் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

"இதுல எதைத் தாயி அமுக்கணும்?"

"ஒண்ணுதாம்மா இருக்கு."

"அப்பச் சரி." நீட்டிய விரலைப் பின்னால் இழுத்தார். "விளையாடுறது பேச்சுல சேருமா?"

"சேராதும்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. சாமி காரியம்."

"சேரவே சேராதும்மா."

அவர் அய்யனார் கோயில் இருந்த மலைப் பக்கம் திரும்பி, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பட்டனைத் தொட்டார். சிம்மக்கல்லில் அக்கா தொட்டாள். சேலை ஒரு மடிப்பு மடிந்தது. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் மூன்று மணி. அப்பா கிணற்றடிக்குப் போயிருப்பார். அம்மா ஆட்டோடு மரத்தடியில் இருப்பார். அக்கா ஆபீஸில் டீ குடிக்கப் போகிறேன் என்று மாடிப்படிக்கு வந்துவிடுவாள். அம்மா முதலில் நிறத்தை மாற்றிக்கொண்டே வந்து மாம்பழ மஞ்சளில் நிறுத்துவார். பிறகு ஏழு மடிப்பு. சில நாள் அம்மா வேண்டுமென்றே முந்திச் சேலையைக் கீழே போட்டுவிடுவார் என்று அக்கா சொன்னாள்.

"ஏனாம்?"

"மறுபடி மொதல்ல இருந்து மடிக்கலாம்ல."

ஏழு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு வியாழக்கிழமை அந்தப் பக்கத்திலிருந்து யாரும் தொடவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. போன் அடித்துப் பார்த்தாள், அணைந்திருந்தது. "சார்ஜ் போட மறந்திருக்கும்" என்றாள். இதை ஒரே நாளில் ஐந்து முறை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் சொல்லியிருந்தேன்.

போக வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை நானிருந்த அச்சகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பது என் வேலை. அவர் நீட்டிய தாளில் பதினாறாம் நாள் காரியம் என்று எழுதியிருந்தது. கீழே பஞ்சவர்ணம் என்ற பெயர், கீழக்குயில்குடி என்ற ஊர். என் விரல் கீபோர்டின் மேல் அப்படியே நின்றது.

"பிள்ளைக பேரு எதுவும் எழுதலையே ஐயா" என்றேன்.

"இல்ல."

"இல்லையா, இருந்தும் போட வேணாமா?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் மகள் என் அறையில்தான் இருக்கிறாள், மூன்று மணிக்கு அம்மாவோடு சேலை மடிப்பாள், மூன்று நாளாக ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று. அவர் கத்துவார் என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மரத்தடியில உக்காந்தவ உக்காந்தபடியே போயிட்டா தாயி. கையில ஒரு செல்லு இருந்துச்சு. யாருது, எதுக்குன்னு ஒண்ணும் வெளங்கல. ஒரு மஞ்சச் சேலை மட்டும் தெரிஞ்சுது." துண்டால் முகத்தைத் துடைத்தார். "யாரும் அவகிட்டச் சொல்லலையா?"

"நீங்கதான் சொல்லணும்."

எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பினார். "எத்தன மணின்ன?"

"மூணு."

சாயங்காலம் அக்காவிடம் நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. நான் அடித்த பத்திரிகையை வாங்கி, அம்மாவின் பெயர் மேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

"மூணு சுழி ண கரெக்டா போட்டிருக்க" என்றாள். பிறகு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். வார்டன் அம்மா வந்து, கட்டிலில் உட்கார்ந்து, அவள் காலைப் பிடித்துவிட்டார்.

மறுநாள் மூன்று மணிக்கு அவள் போனில் விளையாட்டின் அந்த டம்ளர் சத்தம் கேட்டது. திரையில் சேலையின் அந்த முனை அசைந்தது. பிடித்த பிடி விடாமல் யாரோ அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். சேலை பச்சை, சிவப்பு, ஊதா என்று நிறம் நிறமாக மாறிக்கொண்டே போயிற்று.

"அப்பா" என்றாள். "தொட்டாப் போதும்னு தெரியல."

"நீங்க தொடுங்கக்கா."

"எதுக்கு? அவரு அமுக்குன ஒடனே நான் அமுக்கணுமா? பன்னெண்டு வருசம் நாங்க பேசாமச் செத்தோம். நாலு நாள் தள்ளியாவது எனக்குச் சொன்னாரா?"

அவள் கோபம் நியாயம். ஆனால் தினமும் மூன்று மணிக்கு அந்தச் சத்தம் வந்தது. அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு நிறம் மாறுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். மஞ்சள் வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள். ஒருநாளும் தொடவில்லை.

காரியத்தன்று காலையில், "பஸ்ஸுக்கு வாரியா?" என்று கேட்டாள். நான் செருப்பை மாட்டினேன்.

வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தது. அக்கா பந்தலுக்கு வெளியே, வெயிலில் நின்றாள். முதலில் பார்த்தது அப்பாவின் அக்கா, இவளுக்கு மாமியாராக எட்டு மாதம் இருந்த அத்தை.

"இவள யாரு கூப்பிட்டது?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து துண்டைத் தோளில் போட்டார்.

"நான்தான் கூப்பிட்டேன். பத்து நாளாக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

அத்தை வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டினார், அவ்வளவுதான். மகளிடம் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து நீட்டினார்.

"இதுல சார்ஜு நிக்க மாட்டேங்குது."

அக்கா வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "பேட்டரி போயிருச்சு. மாத்தணும்."

"மாத்திக் குடு."

அதன்பிறகுதான் அவள் அழுதாள். அங்கேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசப்படியில் உட்கார்ந்து.

சேலை மடிப்பை அவள் யாருக்கும் வெளியிடவில்லை. அது அம்மாவுடையது என்று அழித்துவிட்டாள். அப்பாவுக்கு வேறொன்று செய்தாள். கிணற்றிலிருந்து இரண்டு பேர் மாறி மாறித் தண்ணீர் இறைப்பது. எப்படி ஆடுகிறார் என்று கேட்டேன். "அந்த மனுசனுக்கு ஒரு பட்டனே அதிகம்" என்றாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறாள், அம்மா உட்கார்ந்த மரத்தடிப் பக்கம் இன்னும் போக முடியவில்லை என்கிறாள்.

நான் கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்து நாளாகிவிட்டது. எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை. கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று யாராவது கேட்டால், மதுரையில் ஒரு அக்கா இருக்கிறாள் என்றுதான் சொல்கிறேன்.