றலிக்கும் ஹம்பருக்கும் நடுவில் ஒரு கல்யாணம்

பள்ளிமுனை, மன்னார்.
மடு ஆவணித் திருவிழா முடிந்த கிழமை.

பெருமதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அல்போன்ஸ் அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் பெனடிக்ற் பணிவோடு எழுதிக்கொள்வது.

மடுமாதாவின் காவலில் இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்காலைத் தவிர. அதன் கதை கீழே வருகிறது. அந்தக் குளிருக்குள் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் செபமாலையில் நினைத்துக்கொள்கிறோம். அக்காவின் சளிக்கென்று என் மனைவி லூசியா கொத்தமல்லி வறுத்து இடித்து வைத்திருக்கிறாள். கொண்டுவர ஆள்தான் அகப்படவில்லை.

அத்தான், சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறேன். நீங்கள் நொட்டிங்காமில் குடியிருப்பதால் இத்தனை வருடமும் எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. இப்போது வந்திருக்கிறது. றலி சைக்கிள் பிறந்த ஊர் அதுதான் என்பது உலகத்துக்கே தெரியும். நீங்கள் ஒருநாள் லீவு போட்டு, அந்தத் தொழிற்சாலை வாசலுக்கு நேரில் போய், பொறுப்பான ஒரு வெள்ளைக்காரரைப் பிடித்து, ஹம்பர் சைக்கிளை விட றலியே திறம் என்று முத்திரை குத்திய ஒரு கடிதம் வாங்கி அனுப்பவேண்டும். அது வராவிட்டால் என் மகள், உங்கள் மருமகள் பிறின்சியின் கல்யாணம் நடக்காது. சிரிக்காதீர்கள். ஊரை விட்டுப் போய் மறந்திருப்பீர்கள் என்பதால் ஞாபகப்படுத்துகிறேன்: கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பொம்பிளையின் பெயரைச் சொல்லி ஓலை வாசிப்பார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும் என்பார்கள். முதலாம் ஓலையும் இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. மூன்றாவதைச் சுவாமியார் நிறுத்தி வைத்திருக்கிறார். மண்டபம் பிடித்தாயிற்று, கேக்குக்குச் சொல்லியாயிற்று, பிறின்சி என்னோடு பேசுவதை விட்டும் ஆயிற்று.

எல்லாம் சம்பந்தி லெம்பேட்டால் வந்த வினை. மனிதர் தங்கமானவர்தான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். நானாட்டானில் நீர்ப்பாசனப் பகுதி ஓவசியராக இருந்து இளைப்பாறியவர். மகன் மில்ரனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, நாள் குறித்து, சீதனம் என்ற சொல்லையே வாயில் எடுக்காமல், லூசியா வைத்த நண்டுக் குழம்பை இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இப்படி ஒரு சம்பந்தி கிடைத்தாரே என்று எனக்கு உள்ளங்கால் தரையில் படவில்லை. புறப்படும்போது விறாந்தையில் பழைய பெட்சீற்றால் மூடி நின்ற என் சைக்கிளைக் கண்டார். பெட்சீற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "றலியோ? நல்ல சைக்கிள். பாரம் ஏத்தாட்டி ஒரு குறையும் சொல்லேலாது" என்றார்.

அத்தான், உங்களுக்குத் தெரியும். கடிதப் பையோடு தீவு முழுக்க நான் ஓடிய சைக்கிள் அது. இடம்பெயர்ந்த காலத்தில் கரியரில் லூசியா, பாரில் அரிசி மூட்டை, ஹாண்டிலில் கோழிக்கூடு என்று மடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது அதில்தான். லூசியாவின் வயிற்றில் அப்போது பிறின்சி. அதைப் போய்ப் பாரம் ஏற்றாது என்றால் எனக்கு நெஞ்சு கொதிக்குமா, கொதிக்காதா? இருந்தாலும் மாப்பிள்ளையின் தகப்பன் என்று பொறுத்துக்கொண்டு, மெதுவாக, "நீங்கள் என்ன வைச்சிருக்கிறீங்கள் சம்பந்தி?" என்று கேட்டேன். "ஹம்பர்" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அப்போதாவது நான் வாயைப் பொத்தியிருக்கவேண்டும். "ஹம்பரும் நல்லதுதான். ஆனா அதின்ர செயின் ஓடுற பல்லுச்சில்லுக்குள்ள அஞ்சு மனிசர் ஓடுற மாதிரிச் செய்துவைச்சிருக்கிறாங்களே, எத்தினை வருசமா ஓடியும் பாவங்கள் இன்னும் ஓரிடமும் போய்ச் சேரேல்லை" என்று சொல்லிவிட்டேன். லெம்பேட்டின் முகம் இறுகிப்போனது. என் சைக்கிளின் நெற்றியில் இருக்கும் கொக்குச் சின்னத்தைத் தட்டிக் காட்டி, "மீன்பிடிக்கிற ஊரில மீன் தின்னிற கொக்கை ஒட்டிக்கொண்டு திரியிறீங்கள். உங்கட கடலில மீன் ஏன் குறைஞ்சதெண்டு இப்பதான் எனக்கு விளங்குது" என்று சொல்லிவிட்டு தாங்கள் வந்த வான் வண்டியில் ஏறினார். மில்ரனும் பிறின்சியும் அந்த நேரம் வேலியடியில் நின்று ஒருவரையொருவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் ஆட்டம் கண்டது அவர்களுக்குத் தெரியாது.

அடுத்த நாள் கதை ஊருக்குள் பரவியது. அதன்பிறகு எங்கள் வீட்டில் கல்யாணம் விசாரிக்க வந்தவர்களை விடச் சைக்கிள் விசாரிக்க வந்தவர்கள்தான் கூட. ஒருவர் லுமாலாதான் நம் நாட்டுச் சாமான், அதை மதிக்காதவன் துரோகி என்றார். இன்னொருவர் இந்தியாவின் ஹீரோவைப் போல உலகத்தில் எதுவும் விற்றதில்லை என்றார். சீனத்து பீனிக்ஸ் வைத்திருப்பவரும் தைவான் ஜயன்ற் வைத்திருப்பவரும் தங்களுக்குள் தனியாக ஒரு சண்டையைத் தொடங்கி, அதை முடிக்க எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தார்கள். ஒருவர் தன் தகப்பனின் பி.எஸ்.ஏ. சைக்கிளில் சுடும் துவக்கு மூன்று கொண்ட சின்னம் இருந்ததாகவும், பிரச்சினைக் காலத்தில் ஆமிச் சென்றிக்காரருக்குப் பயந்து மனிதர் அதை உப்புத்தாளால் தேய்த்து அழித்ததாகவும் சொல்லி அழுதார். ஒல்லாந்தர் நமக்குக் கந்தோர், கக்கூஸ் என்ற சொல்லுகளை விட்டுவிட்டுப் போனார்களே, தங்கள் கஸெல் சைக்கிளில் ஒன்றையாவது விட்டுவிட்டுப் போனார்களா என்று வேறொருவர் ஏங்கினார். அந்தக் காலத்தில் சைக்கிளே இல்லை என்று நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. சைக்கிள் கடை பஸ்லானிடம் போய் நீதி கேட்டேன். "ஐயா, எனக்கு எல்லாச் சைக்கிளும் ஒண்டுதான். டயரில காத்துப் போகோணும், அவ்வளவுதான்" என்று முடித்துக்கொண்டான்.

இனிப் பேசிப் பயனில்லை, றலி பாரம் ஏற்றுவதைக் காட்டியே தீருவது என்று முடிவெடுத்தேன். கரியரில் ஏறு என்று லூசியாவிடம் கேட்டேன். "நீங்கள் மகளைக் குடுக்கப்போறீங்களோ, இல்லாட்டிச் சைக்கிளைக் குடுக்கப்போறீங்களோ?" என்று அகப்பையோடு வந்தாள். ஆகையால் அவளுக்குப் பதிலாக இரண்டு மூட்டை அரிசியையும் ஒரு காஸ் சிலிண்டரையும் கட்டிக்கொண்டு சந்தை வீதியால் மிதித்தேன். சைக்கிள் ராசா மாதிரிப் போனது. பிறின்சி ஸ்கூட்டியில் பின்னால் வந்து வீடியோ எடுத்தாள். சந்திக்குக் கிட்ட நம்மூர்க் கழுதைகள் நடு றோட்டில் மாநாடு வைத்திருந்தன. பெல் அடித்தேன். கழுதைகள் என்னைப் பார்த்தன, நான் கழுதைகளைப் பார்த்தேன், அதற்குள் பிறேக் பிடிக்கவேண்டும் என்பது மறந்துபோனது. முழங்கால் போனது அங்கேதான். அரிசியைக் கழுதைகள் பார்த்துக்கொண்டன. பிறின்சி சிரிப்பை அடக்கமுடியாமல் வீடியோவை மில்ரனுக்கு அனுப்ப, மில்ரன் வீட்டில் எல்லோருக்கும் காட்ட, லெம்பேட் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "றலியில பிழையில்லை, ஓடின ஆளிலதான் பிழை." என் சைக்கிளைப் புகழ்ந்து என்னை இப்படி அவமானப்படுத்த அவரால் மட்டும்தான் முடியும்.

நானும் விடவில்லை. ஹம்பரில் ஏறி மன்னார்ப் பாலத்தைத் தாண்டட்டும் பார்ப்போம் என்று மில்ரனிடமே சொல்லி அனுப்பினேன். இரண்டாம் ஓலை ஞாயிறன்று சுவாமியார், "தடை ஏதும் அறிந்தவர்கள்" என்று வாசித்து வாய் மூடவில்லை, கோயில் வாசலில் லெம்பேட். நானாட்டானிலிருந்து உயிலங்குளத்தில் ஒரு வாய் தண்ணீருக்கும் நிற்காமல், சோளகக் காற்றுப் பக்கவாட்டில் தள்ளத் தள்ள, ஹம்பரிலேயே வந்திருக்கிறார். சேட்டு நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியபடி கையை உயர்த்தினார். கோயில் முழுவதும் திரும்பியது. லூசியா என் தொடையில் கிள்ளிய இடம் இன்னும் கறுத்துக் கிடக்கிறது.

பூசை முடிந்ததும் எங்கள் இருவரையும் சுவாமியார் தன் அறைக்குக் கூப்பிட்டார். இளம் சுவாமியார், பயந்துபோயிருந்தார். மாப்பிள்ளைக்கு வேறு மனைவி இருக்கிறாளோ, இரத்த உறவோ என்று மெதுவாகக் கேட்டார். "றலி வைச்சிருக்கிறவர் என்ர ஹம்பரைப் பழிச்சவர் சுவாமி. அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கும்வரைக்கும் நான் கல்யாணத்துக்கு வரமாட்டன்" என்றார் லெம்பேட். சுவாமியார் அலுமாரியைத் திறந்து ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "திருச்சபைச் சட்டத்தில சைக்கிள் எண்டு ஒரு தடை இல்லை. ஆனா தகப்பன் வராத கல்யாணத்தை நான் எப்பிடி நடத்திறது?" என்று தலையில் கை வைத்தார். அப்போது லெம்பேட் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "மில்ரன் பிறந்த அண்டு நல்ல மழை சுவாமி. பஸ் இல்லை. நோக்கண்ட மனிசியைக் கரியரில வைச்சு மன்னார் ஆஸ்பத்திரி வரைக்கும் மிதிச்சனான். சில்லில ஓடுற அந்த அஞ்சு பேரும் அண்டைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தவங்கள்." அத்தான், மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. வெளியே வந்தது என்னவோ, "றலியெண்டா இன்னும் கெதியாப் போயிருக்கும்" என்பதுதான்.

நிலைமையை ஆற்ற நினைத்த சுவாமியார், தான் ரோமாபுரியில் படித்தபோது பியாங்கி என்று ஒரு சைக்கிளைக் கண்டதாகவும், அதற்குப் பக்கத்தில் இவை இரண்டும் நிற்காது என்றும் சொன்னார். "சுவாமி, நீங்கள் பூசையைப் பாருங்கோ" என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம். அன்றைக்கு நாங்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான். கடைசியில் நடுவர் ஒருவர் வேண்டும் என்று தீர்மானமாயிற்று. என் அத்தான் நொட்டிங்காமில்தான் இருக்கிறார் என்றேன். "உங்கட அத்தான் சொன்னா நான் ஏற்கிறன்" என்றார் லெம்பேட். உங்கள் பதில் வரும்வரை மூன்றாம் ஓலை இல்லை என்றார் சுவாமியார். வாட்ஸ்அப்பில் கேட்டால் என்ன, கடிதம் போய்ச் சேர முன்னம் மண்டபக்காரன் வேறு ஆளுக்குக் குடுத்துவிடுவான் என்று லூசியா கத்துகிறாள். தபால்காரனாக இருந்தவன் தன் மகளின் கல்யாண விசயத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உத்தியோகத்துக்கு என்ன மரியாதை?

ஆகவே அத்தான், நடுநிலை தவறாமல் விசாரியுங்கள். விசாரிக்கும்போது நீங்கள் கட்டியிருப்பது என் அக்காவை என்பதையும் மறக்கவேண்டாம். பிள்ளைகள் படிப்பிலும் பண்பிலும் உயர, உங்கள் வீட்டில் குறைவில்லாமல் எல்லாம் நிறைய, அந்தோனியார் துணை நிற்பாராக. அக்காவுக்கு என் முத்தங்கள், உங்களுக்கு லூசியாவின் வணக்கங்கள்.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
பெனடிக்ற்

பி.கு.: லீவு போடவேண்டாம் அத்தான். நான் தபாலுறை எடுக்கப் போன நேரம் பார்த்துப் பிறின்சி இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பிவிட்டாள். நீங்களே போனில் சொன்னீர்கள், இருந்தாலும் முறைப்படி எழுதுகிறேன்: அந்தத் தொழிற்சாலை மூடி எவ்வளவோ காலமாம், அந்த இடத்தில் இப்போது பல்கலைக்கழகமாம். அதை விடப் பெரிய இடி, எங்கள் இரண்டு சைக்கிளும் பிறக்க எவ்வளவோ முன்னமே ஹம்பரை றலிக்காரர் வாங்கி, இரண்டையும் ஒரே கொம்பனியாக்கிவிட்டார்களாம். நான் படியில் குந்திவிட்டேன். மில்ரன் சொல்லி லெம்பேட்டும் கேட்டு, நின்ற நிலையில் ஹம்பரில் ஏறி இங்கே வந்துவிட்டார். இரண்டு சைக்கிளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். "ஒரு தாய்ப் பிள்ளையள் சம்பந்தி" என்றார். "நான் சொன்னது பெரிய பிழை சம்பந்தி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று கையைப் பிடித்துக் கேட்டுவிட்டேன். இரண்டு பேருக்கும் கண் கலங்கியது. இப்போதே போய்த் தடையை எடுத்துவிடுவோம், ஊர் பார்க்க ஒரே சைக்கிளில் போவோம், என் முழங்கால் காரணமாக அவர் மிதிக்க நான் பின்னால் இருப்பது என்று சந்தோசமாக முடிவெடுத்தோம். நான் ஹம்பரை வெளியே எடுத்தேன், நான் பழித்த சைக்கிளில் நானே ஏறினால்தானே மனம் ஆறும். அவர் அதைப் பிடுங்கிச் சுவரில் சாத்திவிட்டு, "றலி பாரம் ஏத்தாதெண்டு சொன்ன வாய் இது, அதில உங்களை ஏத்தி மிதிச்சாத்தான் எனக்கு நித்திரை வரும்" என்று றலியை எடுத்தார். நான் விடவில்லை. அவரும் விடவில்லை. சத்தம் கேட்டு அயல் எல்லாம் வேலிக்கு வந்துவிட்டது. "என்ர மரியாதையை ஏற்காத வீட்டில எனக்கென்ன சம்பந்தம், தடை அப்பிடியே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, என் சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நிற்கிறார். சுவாமியார் அறையைப் பூட்டப் போகிற நேரம். இந்தப் பக்கத்தையும் பிறின்சி அனுப்புவாள். கண்டவுடன் ஒரு போன் எடுத்து, எந்தச் சைக்கிள் என்று சொல்லுங்கோ அத்தான்.