ஏரித் தண்ணீர் சாம்பார் என்றவன் நான் அல்ல

ஆம்பூர்,
பிரஜோத்பத்தி வருஷம், ஆடி மாதம்

மகாராஜராஜஸ்ரீ காவேரிப்பாக்கம் சம்பந்தி சீனிவாசன் அவர்கள் சமூகத்துக்கு, தோல் ஷாப்பு மேஸ்திரி கோவிந்தசாமி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் சம்சாரம் தனகோடியும் குழந்தை செல்லம்மாளும் சௌக்கியம். இதில் ‘நான்’ என்கிற ஆசாமி யார் என்பதில் மட்டும் வீட்டில் தகராறு. அதை விளக்கவே இக்கடிதம்.

செல்லம்மாளின் நிச்சயதார்த்தத்தன்று தங்கள் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து, “இன்னாய்யா இது, சாம்பாரா, ஏரியில மொண்டதா?” என்று கத்தியதும், தங்கள் மீசையைத் தோல் பதனிடும் ஆவாரம் பட்டையோடு ஒப்பிட்டதும், தாங்கள் “மன்னிப்புக் கேட்டாத்தான் கல்யாணம்” என்று எழுந்ததும், “கேக்க மாட்டேன், போய்யா” என்று வண்டி பூட்டச் சொன்னதும் கோவிந்தசாமி என்கிற முன்கோபிதான். மறுக்கவில்லை. ஆனால் அவன் இப்போது இல்லை.

நடந்தது இதுதான். ஊர் திரும்பிய மறுவாரம் அவன் கிடங்கில் நின்று கூலியாட்களை ஏசிக்கொண்டிருக்க, மேலே அடுக்கியிருந்த தோல் கட்டு ஒன்று சரிந்து மண்டையில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் அரைக்கண் திறந்தபோது, டாக்டர் கட்டிலோரம் நின்று, மூளை கலங்கிவிட்டது, இனி ஆளே மாறினாலும் மாறலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாறித்தான் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற தனகோடியிடம், “சாப்ட்டியாம்மா?” என்றேன். கல்யாணமான நாளாய் அவள் கேட்டறியாத கேள்வி. அலறிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

வீட்டுக்கு வந்து உப்பில்லாத ரசத்தைச் சிரித்துக்கொண்டே குடித்தேன். “நயினா, என்னத் தெரியுதா?” என்று செல்லம்மாள் அழுதாள். எல்லாம் தெரிந்தது, அவள் பிறந்த அன்று கொட்டிய மழைகூட நினைவிருந்தது. தனகோடி ஒப்பவில்லை. “ஞாபகம் இருந்தா ஆச்சா? அவரு ஞாபகம் உங்கிட்ட மாட்டிகிச்சோ இன்னாவோ! நீ அவரு இல்லன்னா நான் யாரோட குடும்பம் நடத்துறேன்? ஊரு சிரிக்காதா?” என்று என் பாயைச் சுருட்டி மாட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டாள். புருஷன் என்பது உடம்பா மனசா என்று தீரும்வரை வாசம் அங்கேதான்.

முதலாளி ஆபித் பாஷாவிடம் போய் நியாயம் கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, “பச்சைத் தோலு உள்ள போவுது, பதம் பண்ண தோலு வெளிய வருது. ரெண்டும் ஒண்ணா வேறயான்னு ஆட்டைத்தான் கேக்கணும். என்னை இன்னாத்துக்குப் பேஜார் பண்றே? நீ சாதுவா ஆனதுலேருந்து ஷாப்புல வேலை கம்மி. பழைய மேஸ்திரியப் பாத்தா வரச் சொல்லு” என்றார்.

பசுவின் பக்கத்தில் படுத்து நானே யோசித்ததில் எனக்கு விளங்கியது: உடம்பைப் பார்த்தால் அதே ஆள், குணத்தைப் பார்த்தால் வேறு ஆள். தங்களை வைதது குணம். நாக்கு என்ன செய்யும், அது வெறும் சதை. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் போய்விட்டான். நான் கேட்டாலோ, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்ட பொய்யனாவேன். ஆகவே இல்லாதவன்மேல் கோபத்தை வைத்திராமல் ஆவணியிலேயே முகூர்த்தம் பார்க்க வேண்டும். செல்லம்மாள் சரியாகச் சாப்பிடுவதில்லை. விரிஞ்சிபுரத்து மார்க்கபந்தீஸ்வரர் தங்களுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வைக்காமல் காப்பாராக.

இப்படிக்கு,
கோவிந்தசாமியின் உடம்பில் தற்போது குடியிருக்கும்
கோவிந்தசாமி

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் கலீமுல்லா வந்தார். டாக்டர் அன்று சொன்னது பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றியாம். “உங்களுக்கு வெறும் வீக்கம்தான் மேஸ்திரி, மூளைக்கு ஒண்ணும் ஆவல” என்றார். அதாவது நான் முழுக்க முழுக்க நானேதான். குதித்துக்கொண்டு போய்த் தனகோடியிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்து என்னை உற்றுப் பார்த்தாள். “அப்போ இத்தினி நாளா நல்ல மனுஷனா இருந்தது நீங்களேதானா? உங்களால முடியுமா? முடிஞ்சிருந்தும்தான் இத்தினி வருஷமா என்னை அந்தக் கத்து கத்துனீங்களா?” என்றாள். செல்லம்மாளைக் கூட்டிக்கொண்டு தங்கள் ஊருக்குப் புறப்பட்டுப் போய்விட்டாள். கல்யாணத்தை அவளே பேசி முடிப்பாளாம். இக்கடிதத்துக்கு முன்னால் வந்து சேர்வாள். முகூர்த்தம் குறித்ததும் பெண்ணின் தகப்பனாருக்கும் ஒரு பத்திரிகை அனுப்பிவைக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.