மாடியைக் காலி செய்த சூசையப்பர்

மில்வாக்கி,
வியாழக்கிழமை.

என் பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய அண்ணன் லெனார்டு அவர்களுக்குத் தம்பி வால்டர் எழுதிக்கொள்வது. இங்கே பனி ஒருவழியாகக் கரைந்துவிட்டது. பெர்னீஸின் முழங்கால்களைத் தவிர வீட்டில் எல்லாம் சுகம். அரிசோனா வெயிலில் தாங்களும் அண்ணியும் வதங்காமல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

நிற்க. மூன்று வருஷத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போன இடத்தில், ஒரு டிஷ்யூ பேப்பரில் நீங்கள் படம் போட்டுக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? கீழே ஒரு கட்டம், மேலே ஒரு கட்டம். "கீழ நீ இரு, மேல வாடகைக்கு விடு. மேல இருக்கிறவன் பேங்க் தவணையைக் கட்டிடுவான், உன் சம்பளத்தை வயசான காலத்துக்கு எடுத்து வை. பஸ் ஓட்டின பென்ஷனை மட்டும் நம்பி உட்காராதேடா"ன்னு சொன்னீங்க. சாஸ் கறையோட அந்தப் பேப்பர் இன்னும் என்கிட்ட பத்திரமா இருக்கு. அதை நம்பித்தான் இருந்த சேமிப்பை எல்லாம் கொட்டி இந்த மாடிவீட்டை வாங்கினேன். எனக்கு அறுபத்திரண்டு ஆச்சு. மாடி நிறைஞ்சிருந்தா அறுபத்தஞ்சுல ஸ்டியரிங்கை விட்டுடலாம். காலியாவே கிடந்தா எழுபதுலயும் பதினாலாம் நம்பர் பஸ்தான்.

அந்த மாடியில்தான் அண்ணா, ஒருத்தரும் தங்க மாட்டேங்கிறாங்க. முதல்ல வந்தவன் காலெப், தங்கமான பையன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழே கூப்பிட்டு, கையில ஒரு பீரைக் கொடுத்து, உங்க பேப்பரை மேஜையில விரிச்சு, "வாடகை குடுத்தே காலத்தை ஓட்டாதே தம்பி, இப்படிச் செய்"னு பெத்த மகனுக்குச் சொல்ற மாதிரி சொல்லுவேன். என்ன கவனமாக் கேட்டான் தெரியுமா! சந்தேகமெல்லாம் எழுதி வைச்சுக்கிட்டு வந்து கேட்டான். போன வருஷக் கடைசியில இதே தெருக்கோடியில மாடிவீடு வாங்கிக்கிட்டுப் போயிட்டான். அடுத்தது மாரிசோல், ஆஸ்பத்திரி நர்ஸ். காலெப்புக்குச் சொன்னதைவிட இவளுக்கு இன்னும் விளக்கமாவே சொன்னேன். ஏப்ரல் முடியறதுக்குள்ள அவளும் போயாச்சு, ரெண்டு வீடு வாங்கிட்டாளாம். நானும் பெர்னீஸும் என்ன குறை வைச்சோம், எதுக்காக இப்படி ஓடுறாங்கன்னு யோசிச்சு யோசிச்சு, ஒருநாள் ரெண்டு ஸ்டாப்புல நிறுத்தாமப் போயி டிப்போவுல திட்டு வாங்கினேன்.

அப்பத்தான் எதிர்வீட்டு இர்மா என்னை வேலியோரமாக் கூப்பிட்டு, "வால்டர், உங்க வாசல்ல சூசையப்பர் தலைகீழா இருக்கார். புதைச்சதை இந்தக் கண்ணால பார்த்தேன். இதுக்கு மேல என்னைக் கேக்காதே"ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீடு விக்கணும்னா சூசையப்பர் சிலையைத் தலைகீழாப் புதைக்கிறதும், வித்ததும் மறக்காம எடுத்து மாடத்துல வைக்கிறதும் நம்ம ஆளுங்க வழக்கம்தானே? பழைய சொந்தக்காரர் எடுக்க மறந்துட்டுப் போயிட்டார் போல. இவர் பாவம், விஷயம் தெரியாம, மண்ணுக்குள்ள இருந்துகிட்டு இந்த வீட்டை விக்கிறதுக்கு இன்னமும் பாடுபட்டுக்கிட்டிருக்கார்! தபால்ல வாரத்துக்கு ஒரு அட்டை வருதே, "உங்கள் வீட்டை ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்கிறோம்"னு, அதெல்லாம் யார் வேலைங்கிறீங்க? பெர்னீஸ்கிட்ட சொன்னா, அவ முகம் வெளுத்துப்போய், "இர்மாவுக்கு வேற வேலை இல்லை, பேசாம வந்து சாப்பிடுங்க"ங்கிறா.

சனிக்கிழமை மண்வெட்டியை எடுத்தேன். டியூலிப் பாத்தி போச்சு, ரோஜாச் செடி போச்சு, நாலாவது குழியில தோட்டத்துக்குப் போற தண்ணிக்குழாயும் போச்சு. வாசல் குளமாயிடுச்சு. குழாய் ரிப்பேருக்கு வந்த பையன் கஸ், சேத்துல குப்புறப் படுத்து, தோள்வரைக்கும் கையை விட்டுத் துழாவி, "சார், இவர் உங்க ஆளா?"ன்னு சூசையப்பரைத் தூக்கிக் காட்டினான். கழுவித் துடைச்சு, கணப்பு மாடத்துல நிமிர்த்தி வைச்சோம். கையைக் கழுவிக்கிட்டே கஸ் கேக்கிறான், "மேல காலியா இருக்கா சார்?"

பார்த்தீங்களா மகிமையை! அந்த வாரமே குடி வந்துட்டான். பரமசாது. பெர்னீஸ் படியேறத் திணறுறதைப் பார்த்துட்டு, யாரும் சொல்லாம அவனே வாசப்படிக்கு ஒரு கைப்பிடி அடிச்சுக் கொடுத்தான். இப்படி ஒரு பிள்ளை வாடகை குடுத்தே வீணாப் போகலாமா? நாளைக்கு வெள்ளிக்கிழமை, அவனைக் கீழே வரச் சொல்லியிருக்கேன். உங்க பேப்பரையும் எடுத்து வைச்சாச்சு.

அண்ணிக்கு என் வணக்கம். சூசையப்பர் எங்கள் வீட்டில் நிமிர்ந்ததுபோல் உங்கள் வீட்டிலும் என்றும் நிமிர்ந்து நின்று காக்கட்டும்.

இப்படிக்கு,
மாறாத அன்புடன்,
தம்பி வால்டர்

பி.கு.: லெனார்டு அத்தான், இது பெர்னீஸ் எழுதுறேன். தபால்ல போடச் சொல்லி என்கிட்டதான் குடுத்துட்டுப் போனார். சூசையப்பரைப் புதைச்சது பழைய சொந்தக்காரர் இல்லை, நான்தான். ஏப்ரல்ல கோயில் கடையில வாங்கினேன். இன்னொரு பனிக்காலத்தை என் முழங்கால் தாங்காது, வீட்டை வித்துட்டு உங்க ஊர் வெயிலுக்கு வந்துடலாம்னு ஒரு ஆசை. அவர்கிட்டச் சொல்ல வாய் வரலை. உங்க பேப்பரை விரிக்கும்போது அவர் முகத்தை நீங்க பார்க்கணும். மாடியைக் காலி பண்ணினதும் அந்தப் பேப்பர்தான், சூசையப்பர் இல்லை. எனக்கு அப்பவே தெரியும். எனக்குச் சாதகமாத்தானே நடக்குதுன்னு வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன், பாவி. குழாய் உடைஞ்ச அன்னிக்கு இவர் சேத்துல அப்படியே உட்கார்ந்துட்டார். "பெர்னீஸ், உன்னோட வயசான காலத்தையும் சேர்த்துத் தொலைச்சுட்டேனா?"ன்னு கேட்டார். அதோட விக்கிற நினைப்பை விட்டேன். கஸ் அடிச்ச கைப்பிடி இருக்கு, பிடிச்சுக்கிட்டு ஏறிக்குவேன்.

அந்தக் கஸ்ஸாவது எங்களுக்கு மிஞ்சணும். அதனால உங்க டிஷ்யூ பேப்பரை இந்தக் கவருக்குள்ளேயே வைச்சிருக்கேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், திருப்பி அனுப்பிடாதீங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து அலமாரி அலமாரியாக் குடைஞ்சுக்கிட்டிருக்கார். மண்வெட்டியை இர்மா வீட்டுல ஒளிச்சு வைச்சுட்டேன்.