வாரம் ஒரு நாட்டு ரொட்டி

ரப்பர் ஊதலின் சத்தம் அது. ஒரு முறை நீளமாக, இரண்டு முறை குட்டையாக. சாயங்காலம் வயல்வெளி இருட்டுகிற நேரத்தில், சைக்கிளின் பின்னால் தகரப்பெட்டி கட்டிய ரொட்டிக்காரர் தெருமுனையில் நின்று அதை அழுத்துவார். யாரும் எழுந்து போகமாட்டார்கள். காய்ச்சல் கண்ட வீட்டில் மட்டும் கதவு திறக்கும்.

கைலாசநாதன் பிறந்த சைவ வீட்டில் ரொட்டி என்பது மருந்து. முட்டை சேர்த்திருப்பார்களோ என்ற சந்தேகத்தில் அதை அடுக்களைக்குள் விடுவதில்லை. காய்ச்சல்காரனுக்கு வெளி அறையில் வைத்துப் பாலில் முக்கிக் கொடுப்பார்கள். காய்ச்சல் விட்டால் ரொட்டியும் நின்றுவிடும். அதனால் சின்ன வயதில் கைலாசநாதன் கக்கத்தில் வெங்காயம் வைத்துக் காய்ச்சலை வரவழைக்கப் பார்த்தார். வெங்காய நாற்றம் வந்தது. அடி வந்தது. ரொட்டி வரவில்லை.

அறுபத்து நான்காவது வயதில் அவருக்கு உண்மையாகவே நோய் வந்தது. அந்த நோய்க்கு ரொட்டி கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

சர்க்கரை. நாகர்கோவில் டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "சோறு ஒரு நேரம் போதும். பரோட்டா, பன், பிஸ்கட் மூணும் தொடவே கூடாது."

கைலாசநாதன் தலையாட்டிவிட்டு வந்தார். அவர் மனைவி உலகம்மாள் தலையாட்டுகிற ஆள் இல்லை. இரணியலில் இருக்கும் கைலாசநாதனின் அண்ணன் பகவதியப்பனுக்கு அதற்கு முந்தின மாதம்தான் இதே நோயில் வலது பாதத்தை எடுத்திருந்தார்கள். உலகம்மாள் கணவரோடு ஆசுபத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்த கையோடு அரிசிப் பானையை எட்டாத இடத்தில் தூக்கி வைத்தாள். இரவுச் சாப்பாட்டுக்குக் கேழ்வரகு வாங்கிக் களி கிண்டினாள்.

"அஞ்சுகிராமம் தாண்டுனா கேப்பை. இங்க நெல்லு. நாஞ்சில் நாட்டுக்காரனுக்குக் கேப்பையா? ஏட்டி, எங்க வீட்டுல மாடு கூட இத மோந்து பாக்காது."

"மாட்டுக்குச் சக்கரை இல்ல. தின்னுங்கோ."

தின்றார். தொண்டை வரைக்கும் போன களி அங்கேயே குடியிருக்கப் பார்த்தது. ஒரு வாரம் பொறுத்தார். பிறகு யோசித்தார். முப்பத்தைந்து வருடம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவர். எந்த எல்லைக்கும் ஒரு வெளிப்பக்கம் உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்த வீட்டு அல்போன்ஸ் ஷார்ஜாவில் ஒரு தொழிலாளர் முகாமில் இருபது வருடம் சமையல்காரராக இருந்துவிட்டுத் திரும்பியவர். கைலாசநாதன் மதில் ஓரமாகப் போய் நின்றார்.

"அல்போன்ஸ், அரபிக்காரன் ராத்திரி என்ன திங்கான்?"

"குபூஸ், அண்ணாச்சி."

"அது பரோட்டாவா?"

"இல்ல."

"பன்னா?"

"பன்னும் இல்ல. அது ஒரு ரொட்டியாக்கும். நம்ம மைதாவ எடுத்து..."

"போதும். மேக்கொண்டு சொல்லாத."

வீட்டுக்கு வந்து உலகம்மாள் முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"டாக்டர் பரோட்டா, பன், பிஸ்கட்டுண்ணு மூணு பேரு சொன்னாரு. நாலாவது பேரு சொல்லல்ல. எல்லைக்கல்லு எங்க நிக்கோ, அதுவரைக்குந்தான் எல்லை. அதுக்கு அங்கிட்டு நான் என்ன தின்னாலும் ஆக்கிரமிப்பு இல்ல."

"அங்கிட்டு என்ன இருக்கு?"

"உலகம் இருக்குட்டி. வாரம் ஒரு நாட்டு ரொட்டி. தீர்மானிச்சாச்சு."

முதல் வாரம் அரபு நாடு. அல்போன்ஸ் சுட்டுக் கொடுத்தார். குழந்தையின் கன்னம் போல உப்பிக்கொண்டு வந்தது குபூஸ். வெள்ளை வெளேரென்று இருந்தது. கைலாசநாதன் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். மூடிய கண்ணில் ஈரம் தட்டியது. காலையில் உலகம்மாள் அவர் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்துக் கருவியில் வைத்து எண்ணைப் பார்த்தாள். எண் எகிறியிருந்தது. சண்டை போடாத மனைவியைக் கண்டு அவர் பயந்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டதாக நினைத்தார்.

அன்று மதியம் அவள் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று அல்போன்ஸிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். திட்டுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது.

"பாவம், அல்போன்ஸ் தம்பிக்கு எதுக்குச் செரமம்?" என்றாள் திரும்பி வந்து. "செய்யுக விதம் எல்லாம் கேட்டுக்கிட்டேன். இனி நானே செய்யுகேன். நீங்க நாட்டுப் பேர மட்டும் சொல்லுங்கோ."

"பிரான்ஸ்."

"அதுக்குப் பெரிய அடுப்பு வேணுமாம். நம்ம கேஸ் அடுப்புல வராதாம்."

"இத்தாலி?"

"அதுக்கும் அதே அடுப்புதானாம்."

"துருக்கி?"

"ஈஸ்ட்டு வேணும். கருங்கல் சந்தை வரைக்கும் ஆளு விட்டுக் கேட்டாச்சு. கெடைக்கல்ல."

"அப்ப எந்த நாட்டு ரொட்டிதான்டி நம்ம அடுப்புல வேகும்?"

"எத்தியோப்பியா."

பெரிய தாம்பாளத்தில் வந்தது எத்தியோப்பியா. இஞ்சேரா என்று பெயர் சொன்னாள். தாம்பாளம் முழுக்க விரித்த ஈரத்துணி போல மெத்தென்று பழுப்பாகக் கிடந்தது. மேலெல்லாம் குட்டிக் குட்டிக் கண்கள். நடுவில் பருப்பும் கீரையும் குவித்திருந்தாள்.

"ரொட்டிதான் தட்டு, ரொட்டிதான் கரண்டி. அல்போன்ஸ் தம்பி கூட வேல பாத்த எத்தியோப்பியாக்காரி இப்படித்தான் திம்பாளாம்."

"இது என்ன மாவு?"

"அந்த நாட்டுல வெளையுக தானியம். கடுகவிடச் சின்னதாம்."

கைலாசநாதன் கிழித்தார். முக்கினார். வாயில் வைத்தார். இதமான புளிப்பு. அடுக்களைப் பக்கம் வாழ்நாளில் எட்டிப் பார்க்காதவர், எந்த மாவு எந்த நிறம் என்று எங்கே கண்டார்?

"இதாக்கும் ரொட்டி! ஒன் களியையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாரு. அது செவுத்துல பூசுகது. இது நாகரிகம்."

"மனசிலாச்சு" என்று உலகம்மாள் இன்னொரு துண்டு வைத்தாள்.

அடுத்து பின்லாந்து. கறுப்பாக, வட்டமாக, நடுவில் ஓட்டையோடு வந்தது. அந்த ஊர்க்காரர்கள் அதைக் கம்பில் கோத்து உத்தரத்தில் தொங்கவிடுவார்களாம். இவளும் துணி உலர்த்தும் கம்பில் கோத்து வைத்தாள். பிறகு மெக்சிகோ, மக்காச்சோளத்தில். பிறகு ஈரான். பழையாற்றில் பொறுக்கிய கூழாங்கற்களைக் கழுவிச் சூடாக்கி, கோதுமையைத் தவிடோடு அரைத்து அவற்றின்மேல் சுட்டாள். ஒரு கல் அவர் பல்லில் மாட்டியது.

"ஈரான்லயும் மாட்டுமாம்" என்றாள்.

தனியாகத் தின்று கைலாசநாதனுக்கு ஆற்றவில்லை. தெரு அறிய வேண்டாமா? ஓய்வுபெற்ற வாத்தியார் வைகுண்டராஜனை ஒரு வெள்ளிக்கிழமை அழைத்தார். கூட இன்னும் நாலு பேர். எல்லோரும் சர்க்கரைக்காரர்கள். இனி வெள்ளிக்கிழமைதோறும் விருந்து என்று அறிவித்தார். அன்றைக்கு மறுபடியும் எத்தியோப்பியா. வைகுண்டராஜன் ஒரு வாய் மென்றுவிட்டு நிறுத்தினார்.

"கைலாசம், இதுல கேப்பை வாசன அடிக்கே."

"வேய், நீரு கன்னியாகுமரிக்கு அங்கிட்டு என்னத்தக் கண்டேரு? இது ஆப்பிரிக்காவாக்கும். கேப்பைக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாத நாக்க வச்சுக்கிட்டு பிள்ளையளுக்கு என்ன பாடம் சொல்லிக் குடுத்தேரு?"

நாலு பேரும் சிரித்தார்கள். வாத்தியார் முகம் சுண்டிப்போய்த் தின்று முடித்தார். அந்தக் கதை மறுநாள் தேநீர்க்கடை வரைக்கும் போனது. கைலாசநாதனே கொண்டுபோனார்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுக் கைகொடுத்தார். "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். "வெளிநாட்டுச் சாப்பாடு, சார்" என்றார் கைலாசநாதன். உலகம்மாள் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே அவர் மாவு மில்லைத் தாண்டிப் போனபோது, மில்லுக்காரி நேசபாய் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டுக் கேப்பையும் கம்பும் அரைச்சாச்சு. கையோட கொண்டு போறியளா?"

"எங்க வீட்டுலயா? ஆளு மாறிச் சொல்லுக. நாங்க கேப்பை நிறுத்தி மாசம் மூணு ஆவுது."

"நிறுத்தவா? வாராவாரம் அரைக்கேன். இது கேப்பை, எத்தியோப்பியாவுக்கு. இது கம்பு, பின்லாந்துக்கு. மாறிப் போவப்பிடாதுண்ணு அக்கா கண்டிப்பாச் சொல்லீருக்கா."

இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு கைலாசநாதன் வீட்டுக்கு நடந்தார். எத்தியோப்பியா வலது கையில். பின்லாந்து இடது கையில். இரண்டும் ஒரே கனம் கனத்தன.

பைகளை அடுக்களை மேடையில் பொத்தென்று வைத்தார்.

"இது எந்த நாட்டு மாவு?"

"சொமந்துட்டு வந்தது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

"கேப்பை! மூணு மாசமா என்னை ஏமாத்திக் கேப்பை ஊட்டியிருக்கே!"

"எத்தியோப்பியாக்காரன் அவன் நாட்டுல வெளஞ்சத அரைச்சுச் சுடுகான். பின்லாந்துக்காரன் அவன் குளிருல வெளஞ்சத. நானும் இங்க பக்கத்துல வெளஞ்சத வச்சுச் சுட்டேன். நீங்க பேரு கேட்டியோ, நான் பேரு வச்சேன்."

"இப்பமே போயி வைகுண்டராஜன்ட்ட..."

"போங்கோ. சட்டையப் போட்டுட்டுப் போங்கோ. போயி என்ன சொல்லுவியோ?"

கைலாசநாதன் சட்டையை எடுத்தார். ஒரு கை உள்ளே போனது. மறு கையை நுழைக்கும்போது யோசனை வந்தது. என்ன சொல்வது? வாத்தியாரின் நாக்கு சரி, என் நாக்குதான் தப்பு என்றா? தேநீர்க்கடையில் யார் யார் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தார். நுழைந்த கை மெல்ல வெளியே வந்தது.

உலகம்மாள் மாவைப் பாத்திரத்தில் கொட்டிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "ஆசுபத்திரியில ஒங்க அண்ணனுக்கப் போர்வை கால்மாட்டுல ஒரு பக்கம் தாந்து கெடந்தது. நான் பாத்தேன். நீங்க வராந்தாவுலயே நிண்ணுட்டியோ, உள்ள வரல்ல."

அவர் சட்டையை மறுபடியும் ஆணியில் மாட்டினார். ஜன்னலுக்கு வெளியே தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. வைகுண்டராஜன்தான்.

"கைலாசம்! இந்த வெள்ளிக்கெழம எந்த நாடு, வேய்?"

கைலாசநாதன் உலகம்மாளைப் பார்த்தார். அவள் மாவில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தியோப்பியா!" என்று சத்தமாகச் சொன்னார்.

இப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. கேப்பை அரைக்க மில்லுக்கு அவரே நடந்து போகிறார்.