எட்டு வீட்டுச் சட்டாம்பிள்ளை

சட்டாம்பிள்ளையைப்போல ஒரு மனிதரைத் திருவிதாங்கூர் ராஜ்யம் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பின்னால் ராஜ்யமே இல்லாமல் போய்விட்டது, அது வேறு விஷயம். இருந்திருந்தாலும் இன்னொருவரைத் தாங்கியிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. அஞ்சல் ஆபீசில் மாஸ்டராக இருந்து பென்ஷன் வாங்கியவர். மனைவி போய்விட்டாள், பிள்ளைகள் இல்லை. வாத்தியார் இல்லாத நேரத்தில் வகுப்பை அதட்டுகிற பையனைச் சட்டாம்பிள்ளை என்போமே, அந்தப் பெயரை எங்கள் லைன்காரர்கள் இவருக்கு வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேரே மட்டும் செக்ரட்டரி சார்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, தனுவச்சபுரம் போகிற ரோட்டை ஒட்டி இருந்தது அந்த லைன். எட்டு வீடு, ஒரே கூரை. கட்டிய முதலாளி நொடித்துப்போய், குடியிருந்தவர்களுக்கே வீடு வீடாக விற்றுவிட்டார். உள்ளே இருக்கிற இரண்டு அறையும் அடுக்களையும் அவரவருக்குச் சொந்தம். கிணறு, முற்றம், பலாமரம், துணி காயப்போடும் கொடி, தலைக்கு மேலே இருக்கிற ஓடு எல்லாம் பொது. பொது என்று வந்தாலே சண்டை வரும், சண்டை வந்ததால் ஒரு சங்கம் வந்தது, அந்தச் சங்கத்துக்குச் செக்ரட்டரி இவர்.

நான் அம்பூரியிலிருந்து கல்யாணமாகி வந்த முதல் வாரம், வாசல்படியில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தேன். குடையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். "படி வரைக்கும் உனக்குள்ளது மக்கா. படிக்குக் கீழ சங்கத்துக்குள்ளதாக்கும்" என்றார். குனிந்து பார்த்தேன். மீனின் தலை என் எல்லையில் இருந்தது, வால் சங்கத்தில் கிடந்தது. அந்த மனுஷன் சிரிக்கவில்லை. நான் வாலை எடுத்துக்கொள்ளும்வரை நின்றுவிட்டுத்தான் போனார்.

கிணற்றில் வாளியைத் தொம்மென்று போடக்கூடாது. கொடியில் ஒரு வீட்டுக்கு இத்தனை முழம்தான். பலாச்சுளையை எட்டாகப் பங்குவைத்த பிறகுதான் கொட்டையைப் பற்றிப் பேசலாம். ஒருநாள் அவர் கையிலிருந்தே வாளி நழுவித் தொம்மென்று விழுந்தது. தனக்குத்தானே கிணற்றுத் தடை விதித்துக்கொண்டு, குளத்துக்கு நடந்துபோய்க் குளித்துவிட்டு வந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. கிறுக்கு என்றால் இப்படியா இருக்கும் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

எல்லாச் சட்டத்திலும் பெரிய சட்டம் கூரைச் சட்டம். வருஷாவருஷம் மழை தொடங்குமுன் ஓடுகளையெல்லாம் இறக்கி, பாசி தேய்த்து, திரும்ப வைக்க வேண்டும். யாரும் தன் வீட்டு ஓடுகளைத் தானே வைக்கக்கூடாது. வைத்தால் நல்லதைத் தனக்கு எடுத்துக்கொண்டு விரிசல் விட்டதை அடுத்தவன் தலையில் கட்டிவிடுவானாம். ஆகவே உன் கூரையை அடுத்த வீட்டுக்காரன் வைப்பான், அவன் கூரையை நீ வைக்க வேண்டும். வீட்டுக்காரன் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் அடுத்தவன் ஏணியில் கால் வைக்கவும் கூடாது. எங்கள் கூரை பக்கத்து வீட்டுக் குமாரன் அண்ணனுடைய பொறுப்பு. அவர் கூரை என் வீட்டுக்காரர் செல்லையனுடைய பொறுப்பு. இரண்டு பேரும் ஒரே தட்டில் கப்பைக் கிழங்கும் மீனும் தின்கிற சிநேகிதம்.

அந்தச் சிநேகிதத்தில்தான் எல்லைப் போராட்டம் வந்து விழுந்தது. எங்கள் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கொடி பிடித்துப் போனார். திருவனந்தபுரத்தை விட்டுப் போனால் நம் பிழைப்பு என்னாவது என்று குமாரன் அண்ணன் கேட்டார். முதலில் பேச்சாகத்தான் இருந்தது. தெற்கே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்துப்போன செய்தி வந்த பிறகு பேச்சும் நின்றுபோனது. சட்டாம்பிள்ளை வீடு தவிர மற்ற ஏழும் இரண்டாகப் பிரிந்து நின்றன. பெண்களுக்கும் பேச்சில்லை என்று ஆண்கள் அறிவித்தார்கள். குமாரன் அண்ணனின் மனைவி தங்கம்மை அக்கா அடுக்களைப் பக்கமாக வந்து எனக்குக் குழம்பு கொடுத்துவிட்டுப் போவாள், அது பேச்சில் சேராது.

ஒருநாள் காலையில் பொதுச்சுவரில் கரியால் தமிழில் ஒரு கோஷம் இருந்தது. மறுநாள் அதற்குக் கீழே மலையாளத்தில் பதில் இருந்தது. சட்டாம்பிள்ளை இரண்டையும் படித்தார். என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பொதுச்சுவரில் எழுத அனுமதி யார் தந்தது என்றுதான் கேட்டார். கோஷம் எழுத ஆசையிருக்கிறவன் தன் வீட்டு உள்சுவரில், பெண்டாட்டி பார்க்க எழுதிக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தானே சுண்ணாம்பு கலக்கி அடித்தார். நீங்கள் எந்தப் பக்கம் என்று என் வீட்டுக்காரர் தமிழில் கேட்டதற்கு அவர் மலையாளத்தில் ஏசினார். குமாரன் அண்ணன் மலையாளத்தில் கேட்டதற்குத் தமிழில் ஏசினார். இரண்டு கூட்டமும் அவரை எதிரி என்று முடிவுகட்டியது.

கூரை மாற்றும் நாள் வந்தது. இவர் குமாரன் அண்ணனைக் கூப்பிடவில்லை. அவரும் இவரைக் கூப்பிடவில்லை. சட்டாம்பிள்ளை வீடு வீடாக நடந்தார், கெஞ்சினார், குடையால் தரையைக் குத்தினார். யாரும் கேட்கவில்லை. அவனவன் ஏணி வைத்து அவனவன் ஓடுகளை வைத்துக்கொண்டான்.

கொல்லம் ஓடு ஒன்றின் பல் அடுத்ததன் பள்ளத்தில் உட்கார வேண்டும். ஒரு கோடியில் தொடங்கினால் மறுகோடிவரை ஒரே போக்காகப் போக வேண்டும். குமாரன் அண்ணன் கிழக்கிலிருந்து வைத்துக்கொண்டு வந்தார், இவர் மேற்கிலிருந்து வைத்துக்கொண்டு போனார். இரண்டும் சந்திக்கிற இடத்தில் முகட்டிலிருந்து கூரையின் கீழ்விளிம்பான இறவாணம்வரை ஒரு சாண் இடைவெளி விழுந்தது. அதை மூட வேண்டுமென்றால் இரண்டு வீட்டு ஓடுகளையும் தளர்த்தித் தள்ள வேண்டும். என் ஓட்டில் அவன் கை படக்கூடாது என்று இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். அந்த ஒரு சாணுக்கு நேர்கீழே என் கட்டில் கிடந்தது.

எனக்கு மாதம் நிறைந்திருந்தது. தாய் இல்லாத வீடு என்பதால் தலைப்பிரசவத்துக்கு அம்பூரிக்குப் போகவில்லை. சட்டாம்பிள்ளை இடைவெளியில் ஓலை வைத்துக் கட்டினார். முதல் காற்றே அதைப் பிய்த்துக்கொண்டு போனது.

ஊர்வலம், பஸ் மறியல் என்று ரோடு அடைத்துக் கிடந்த ஒரு நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. இவர் மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடினார். தங்கம்மை அக்கா சுற்றிக்கொண்டெல்லாம் வராமல் நேராக முன்வாசல் வழியாகவே வந்துவிட்டாள். என்னை நகர்த்தவும் முடியாது என்கிற நேரத்தில் மழை பிடித்தது. முதல் சொட்டு என் முகத்தில் விழுந்தது. பிள்ளை பிறந்து விழுவதே வெள்ளத்திலாக்கும் என்று நான் அழுதேன்.

இடைவெளியில் வானம் தெரிந்துகொண்டிருந்தது. திடீரென்று அது மறைந்தது. பார்த்தால் நரைத்த மயிரோடு ஒரு நெஞ்சு. அறுபது தாண்டிய சட்டாம்பிள்ளை, ஏணியில் ஏறி, ஓடு தாங்கும் கழிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இடைவெளிமேல் குப்புறக் கிடந்தார்.

"நான் கண்ண மூடிட்டுத்தான் கெடக்கேன் மக்கா. நீ உனக்க காரியத்தப் பாரு."

பிரசவ வலியில் சிரித்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தங்கம்மை அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

மருத்துவச்சியோடு வந்த இவர் மேலே பார்த்துவிட்டு ஏணிக்கு ஓடினார். குமாரன் அண்ணன் ஏற்கெனவே ஏணியடியில் நனைந்துகொண்டு நின்றிருந்தார். ஆனால் ஏறவில்லை. கூப்பிடாமல் எப்படி ஏறுவது? மேலேயிருந்து சத்தம் வந்தது.

"எலே செல்லையா, ஒத்தக்கு ஏறினா ஒண்ணும் நடக்காது. அவன விளி."

மாதக்கணக்காக இவர் வாயில் அந்தப் பெயர் வரவில்லை. கடைசியில் இவர் குரல் கேட்டது.

"குமாரண்ணா, ஏறி வா. எனக்க பெண்டாட்டி நனையுறா."

குமாரன் அண்ணன் ஒரு படி ஏறினார். மேலே கிடந்தவர் விடவில்லை.

"குமாரா, உனக்க கூரையிலயும் கை வைக்கணும். நீயும் விளி."

கொட்டுகிற மழையில், குளிரில் பல் அடித்துக்கொண்டு, சட்டம் பேசுகிறார் பாருங்கள். குமாரன் அண்ணன், "செல்லையா, வாடே" என்றார். ஏணி இரண்டு பேர் பாரத்தில் முனகியது. முகட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வரியாகத் தளர்த்தி, தள்ளி, பல் கோத்துக்கொண்டு இறங்கினார்கள். ஒருவரிடம் ஒருவர் பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. சட்டாம்பிள்ளை அசையவில்லை. அவர்கள் அவர் தோளை எட்டுவதற்குள் என் மகள் பிறந்துவிட்டாள்.

அழுகைச் சத்தம் மேலேயும் கேட்டது. ஆணா பெண்ணா என்று அவர் கேட்கவில்லை.

"ஒழுகுதா மக்கா?"

"இல்ல மாமா. ஒரு பொட்டு வெள்ளம் விழல்ல."

பிறகு அவரை இரண்டு பேருமாகத் தூக்கித்தான் இறக்கினார்கள். கைவிரல்கள் கழியைப் பிடித்த பிடியில் விறைத்துப்போயிருந்தன. நெஞ்செல்லாம் ஓட்டு விளிம்பு கிழித்த கோடுகள். தங்கம்மை அக்கா எண்ணெய் காய்ச்சித் தடவினாள். பத்து நாள் காய்ச்சலில் கிடந்தார், அதிலும் கஞ்சி எந்த வீட்டு முறை என்று கேட்டுக்கொண்டுதான் குடித்தார்.

அடுத்த வருஷம் எல்லை தீர்ந்தது. தெற்கே இருந்த தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போயின, நாங்கள் இந்தப் பக்கம், கேரளத்தில் நின்றுபோனோம். இவர் பல நாள் சாப்பிடாமல் கிடந்தார், குமாரன் அண்ணன்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டாம்பிள்ளையும் பிறகு சில வருஷத்தில் போய்விட்டார்.

அம்மா, நான் பிறந்தபோது நம் ஊர் எந்த மாநிலம் என்று என் மகள் இன்றைக்கும் கேட்பாள். திருவிதாங்கூர்-கொச்சி என்பதுதான் சரியான பதில். எனக்கு அதைச் சொல்ல வாய் வராது. நீ அந்த மனுஷனுடைய நெஞ்சுக்குக் கீழே பிறந்தாய் என்றுதான் சொல்வேன்.