ருக்கு பிளாக்குக்குப் பெயர் வந்த விதம்

கண் முன்னால் தன் வீட்டுப் பொருளை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போகும்போது கை தட்டி வழியனுப்பியவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் பலமாகத் தட்டினேன்.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு கல்லூரியில் வரலாற்றுத் துறை டியூட்டராகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதனால் வேறு யாரும் தொடாத வேலைகளெல்லாம் என் தலையில் விழுந்தன.

அந்தக் கல்லூரியில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு பெயர். கல்லில் வெட்டியிருக்கும் பெயரை ஓர் ஆத்மா சொல்லாது. நூலகத்துக்கு யாரோ ஒரு வள்ளலின் பெயர். பையன்களுக்கு அது ‘கொள்ளுக்காடு’. கல்லூரி வருவதற்கு முன் அங்கே கொள்ளு விதைத்திருந்தார்கள். கேன்டீனுக்குப் பெயர் ‘பம்ப்செட்’. கிணறு தூர்ந்து, மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போன பிறகும் அது பம்ப்செட்தான். வரலாற்றில் பட்டம் வாங்கிய எனக்கு இதெல்லாம் கேவலமாகப் பட்டது. புதிதாக எழும்பிய வகுப்பறைக் கட்டடத்துக்காவது கௌரவமான பெயர் வைக்க வேண்டும் என்று பெயர்க் குழுவில் துள்ளினேன். (குழுவில் நான் கிடையாது. டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது துள்ளினேன்.)

நான் ஒரு பல்லவ மன்னனைச் சொன்னேன். அதிசயமாக முதல்வருக்கும் அது பிடித்துவிட்டது. நிலம் கொடுத்த சமணக் குடும்பத்தார் தங்கள் தாத்தாவின் பெயரைக் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான், தாத்தா உழுத நிலம். தாளாளர் தம் தாயாரின் பெயர் என்றார். யாரும் இறங்கி வரவில்லை. கடைசியில் மூன்று பேரையும் ஒரே கல்லில் ஏற்றி, பின்னால் ‘நினைவு வகுப்பறைக் கட்டடம்’ என்று சேர்த்தார்கள். நான்கு வரி. நின்று படித்து முடிப்பதற்குள் வகுப்பு மணி அடித்துவிடும்.

திறப்பு விழா ஏற்பாடு என் பொறுப்பு. முதல்வர் கூப்பிட்டார்.

“காஞ்சிபுரத்தில கல்வெட்டு திறக்கறோம் வரதன். திரை பட்டுல இருக்கணும். வெறும் பருத்தித் துணியைத் தொங்கவிட்டா ஊர் சிரிக்கும்.”

சொல்லிவைத்திருந்த தறிக்காரர் விழாவுக்கு முந்தின நாள் கையை விரித்தார். “ஒரு வாரமா மழை வாத்தியாரே. ஈரத்தில பாவு நூல் ஒட்டிக்கினு தறி ஓடவே மாட்டேங்குது. அடுத்த வாரம் வாங்க.”

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குத் தொங்கிய முகத்தோடு திரும்பினேன். வீடு கல்யாணக் களையில் இருந்தது. விழாவுக்கு மறுநாள் என் அக்கா ருக்மணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை முசரவாக்கத்துக்காரர். மாப்பிள்ளையின் அப்பா கடை கடையாக ஏறி இறங்கி, மனைவி கேட்ட நீலத்தை வேண்டாம் என்று சண்டை போட்டு, அரக்குப் பட்டில் பச்சைக் கரை, கரை நெடுக ஜரிகை மயில் என்று தாமே பார்த்து எடுத்து அனுப்பிய முகூர்த்தப் புடவை பீரோவில் இருந்தது. மறுநாள் சாயங்காலம் நான்கு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து, அதற்கு மஞ்சள் தடவி, பெருமாள் கோயிலுக்கு எடுத்துப் போவதாக ஏற்பாடு.

நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு அக்கா, “என் பொடவைய எட்துக்கினு போயேன்” என்றாள்.

“அக்கா, முகூர்த்தப் புடவை!”

“இருக்கட்டுமே. இவ்ளோ அழகான பொடவைய கல்யாணத்தன்னிக்கு மண்டபத்தில நூறு பேர்தான் பாப்பாங்க. ஊரே பாக்கட்டும். கீழ விழாம புடிச்சிக்கோ, நாலு மணிக்குள்ள கொண்டாந்துடு. அம்மாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் வெளக்குமாத்தால சாத்தும்.”

காலை பதினொரு மணிக்கு விழா. சிறப்பு விருந்தினர் மாவட்டத்தில் ஒரு பெரும்புள்ளி. (பெயர் வேண்டாம். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.) புடவையை மடித்துக் கல்வெட்டுக்கு மேல் கம்பியில் தொங்கவிட்டிருந்தேன். அன்றைக்குத்தான் மழை விட்டு அடித்த வெயிலில் ஜரிகை மயில்கள் அத்தனையும் மின்னின. கல்வெட்டைப் படிக்க யாருக்கும் ஆசை வராதபடி திரை அவ்வளவு அழகாக இருந்தது. அவர் கயிற்றை இழுத்தார். புடவை அப்படியே நழுவி என் இரண்டு கைகளிலும் வந்து விழுந்தது. தரையில் ஒரு நூல்கூடப் படவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகப் பிடித்த ஒரே கேட்ச் அதுதான்.

அப்போதுதான் தாளாளருக்குப் பொன்னாடை நினைவு வந்தது. பெரிய மனிதரை மேடைக்கு அழைத்துவிட்டுப் பொன்னாடை போர்த்தாமல் அனுப்புவதும், பந்தியில் உட்கார வைத்து இலையை எடுப்பதும் ஒன்று. வாங்கி வைத்த சால்வை முதல்வரின் அலமாரியில் இருந்தது, அலமாரிச் சாவி குமாஸ்தாவிடம் இருந்தது, குமாஸ்தா விடுப்பில் இருந்தார். தாளாளர் பதறிப்போய்த் திரும்பினார். எதிரில் நான், ஏந்திய கைகளில் பளபளவென்று மடித்த பட்டு.

“சபாஷ் வரதன்! ரெடியா வச்சிருக்கியே!”

அதை எடுத்தார். போர்த்தினார். கூட்டம் கை தட்டியது. என் கை திடீரென்று காலியாகிவிட்டதால் என்ன செய்வதென்று தெரியாமல் நானும் தட்டினேன்.

பெரும்புள்ளி அம்பாசிடரில் ஏறினார். உதவியாளர் புடவையை மடித்துப் பின் சீட்டில் வைத்தார். வண்டி சேறு தெறிக்கப் போன பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

“சார், அது எங்க அக்கா கல்யாணப் புடவை சார்!”

முதல்வர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “போர்த்தின பொன்னாடையைத் திருப்பிக் கேக்கறதா? காலேஜ் மானம் என்ன ஆகறது? போய் நாற்காலியெல்லாம் எண்ணி உள்ள போடு.”

நாற்காலிகளை அப்படியே விட்டுவிட்டு சைக்கிளை எடுத்தேன். அக்காவிடம் சொன்னபோது அவள் அழவில்லை.

“அந்த ஆளு எங்கடா போய்க்கிறாரு?”

“இன்னொரு திறப்பு விழா இருக்குது. நூலகம்.”

“எந்த ஊர்ல?”

“முசரவாக்கம்.”

அது அவள் வாழப்போகும் ஊர். நான் மட்டும் போய் வாங்கி வருகிறேன் என்றேன். “நீ போனா அங்கயும் கை தட்டிட்டு வருவ” என்று சொல்லிக்கொண்டே, அம்மா கொல்லைப்புறம் போன நேரம் பார்த்துக் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். மறுநாள் மணப்பெண், முதல் நாள் சைக்கிள் கேரியரில், அழைக்காத மாமியார் ஊருக்கு. வழி நெடுக நான் பெருமாளைக் கூப்பிட்டேன். அவள் என்னை “மிதிடா” என்றாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் கூட்டம். நூலகத்துக்கு இடம் கொடுத்தவருக்குப் பெரும்புள்ளி அப்போதுதான் பொன்னாடை போர்த்தி முடித்திருந்தார். வந்த பொன்னாடையை அடுத்த மேடையில் யாருக்காவது போர்த்திவிடுவது பெரிய மனிதர்களின் வழக்கம். இடம் கொடுத்தவர் தோளில் அரக்குப் புடவையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். விரலால் பச்சைக் கரையை மெல்லத் தடவிக்கொண்டே இருந்தார்.

அவர் மாப்பிள்ளையின் அப்பா.

கடை கடையாக ஏறி எடுத்த மயில்களை அவருக்குத் தெரியாதா? எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. பக்கத்தில் மைக் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

“இன்னாம்மா இது? கல்யாணம் வேணாம்னா வூட்டுக்கு வந்து சொல்லக் கூடாதா? நான் எட்துக் குட்த்த பொடவைய எனக்கே பொன்னாடையா அனுப்பிக்கிறீங்களே! அதுவும் ஊரைக் கூட்டி, மேடை போட்டு!”

ஒலிபெருக்கி இதை முசரவாக்கம் முழுவதும் சொன்னது. பெரும்புள்ளி என்னைப் பார்த்தார். நான் பந்தல் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஒரு துணித் திரைக்காக அக்காவின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேனே! கல்யாணம் நின்றால் நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன்?

அக்கா மேடை ஏறினாள்.

“வேணாம்னு யாரு மாமா சொன்னது? வேணும்னுதான் கேரியர்ல குந்திக்கினு இம்மாந்தூரம் வந்திருக்கேன். கல்லு மேல மாட்ட என் தம்பி கேட்டான், குட்த்தேன். அதைப் பொன்னாடைன்னு நெனச்சி இவருக்குப் போத்திட்டாங்க. இவரு உங்களுக்குப் போத்திட்டாரு. நாலு மணிக்கு அத்தை வராங்க. குடுங்க மாமா.”

பந்தலின் பின்னாலிருந்து ஒரு விசில் வந்தது. (அடித்தது மாப்பிள்ளை என்று பிற்பாடு தெரிந்தது.) பெரும்புள்ளி வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததும் பந்தல் சிரித்தது. மாமா மட்டும் புடவையைக் குனிந்து பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மெதுவாக மீசைக்குள் சிரிப்பு வந்தது.

“பரவால்லம்மா. நீலம் எட்த்திருந்தா எனக்கு அடையாளமே தெரிஞ்சிருக்காது” என்று சொல்லி, அவரே மடித்து அவள் கையில் கொடுத்தார். அப்பாடா! அன்றைக்கு நான் விட்ட மூச்சில் பந்தல் துணியே ஆடியிருக்கும்.

பெரும்புள்ளியின் அம்பாசிடரிலேயே மாமா எங்களைக் கொண்டுவந்து விட்டார். புடவைத் தலைப்பில் சந்தனம் பட்டிருப்பதை அம்மா கவனித்துவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்: “நான்தான் சம்பந்தியம்மா, ரெண்டு பேரையும் பொடவையோட வரச் சொல்லி, சாமி பாதத்தில வச்சி எட்த்தாந்தேன்.” அம்மா கடைசிவரை நம்பினாள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. என் வேலையும் போகவில்லை. பெரும்புள்ளியே முதல்வரிடம் சொல்லிச் சிரித்துவிட்ட பிறகு அவரும் சிரிக்க வேண்டியதாயிற்று.

முசரவாக்கத்துப் பையன்கள் எங்கள் கல்லூரியில்தான் படித்தார்கள். அது போதாதா? அந்த வாரமே நான்கு வரிப் பெயர் செத்தது. மன்னன், தாத்தா, தாயார் மூவரும் கல்லில் பத்திரமாக இருக்க, கட்டடம் ‘ருக்கு பிளாக்’ ஆனது. பிற்பாடு கால அட்டவணையிலும் அப்படியே ஏறியது. கொள்ளுக்காட்டைக் கேவலம் என்று நினைத்த வரலாற்று டியூட்டரான நானே ருக்கு பிளாக்கில் பல வருடம் பாடம் எடுத்தேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாருக்காவது சால்வை போர்த்தினால், “வரதன் கையில ஒண்ணும் இல்லையே, பாத்துக்குங்க” என்று ஒரு குரல் வரும்.

போன வருடம் அக்காவின் பேரன் அதே கல்லூரியில் சேர்ந்தான். முதல் நாள் போய் வந்தவன் கண்ணை விரித்துக்கொண்டு கேட்டான்: “பாட்டி, ருக்கு பிளாக்ல எங்களுக்கு கிளாஸ். ருக்குன்னு ஒரு அம்மா காலேஜுக்கு நெலம் தானம் குடுத்தாங்களாம். சீனியருங்க சொன்னாங்க. உனக்குத் தெரியுமா?”

அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“நெலமா? ஒரு பொடவை குட்த்தா. அதையும் அன்னிக்கே போய்த் திருப்பி வாங்கிக்கினா.”